அன்னார் தொடர்ந்தும் இருந்து வருகின்றார்

திருகோணமலையில் ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று முடிவு சொல்லும் அதிகாரம் எந்தக் காலத்திலும் டாக்டர்களிடம் இருந்ததில்லை. அது அறிவித்தலாரிடம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடதாசி கொடுத்திருக்கலாம். வட்ஸ்அப்பில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்திருக்கலாம். எங்கள் தெரு அசையாது. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய நசீரின் ஓட்டோ சந்தியில் திரும்பி, உள்ளேயிருந்து அந்தக் குரல் "மரண அறிவித்தல்" என்று தொடங்கினால்தான் குசினியில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வாசலுக்கு வருவோம்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "அது கடைசியில தெரியவரும்" என்பார். மெலிந்த ஆள், வெள்ளைச் சேட்டு, பையில் மூன்று பேனை. நேரில் கதைத்தால் சளி பிடித்த பிள்ளையின் குரல். மைக்கைப் பிடித்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு கனத்த குரல் வரும். இந்த மனிதர் வாசிக்கும் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எங்கள் அலுவலகத்தில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் மூவருக்கு அது வாய்த்தது.

தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் அந்தக் குரலைத் தேடி வருவார்கள். "ஏலாது தம்பி. நான் நடந்தத மட்டுந்தான் வாசிக்கிறனான்" என்று அனுப்பிவிடுவார்.

குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் அவர் வாய் திறக்க மாட்டார். துண்டில் என்ன இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அன்னார் இன்னாருடைய அன்புப் புதல்வர், இன்னாருடைய ஆருயிர்க் கணவர், இன்னாருடைய பாசமிகு தந்தை, மாமனார், மைத்துனர், சகலன். ஈமைக்கிரியை எத்தனை மணிக்கு, பூதவுடல் எந்த மயானத்துக்கு. கடைசியில், "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." முழுவதற்கும் ஒரு நிமிடமும் பத்து விநாடியும் செல்லும்.

இப்படியே வருடக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் திடீரென்று பாதி வீதியில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். கையில் எண்பத்தேழு வயதில் இறந்த ஒருவரின் துண்டு.

"நசீர், எண்பத்தேழு வருசம் இருந்த மனுசன். இதில முழுக்க மற்ற ஆக்களின்ர பேர்தான் கிடக்கு. இந்தாள் எங்க?"

"அவர் பெட்டிக்குள்ள, அண்ணன்" என்றாராம் நசீர். கிண்ணியாக்காரர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்.

அறிவித்தலார் வண்டியைத் திருப்பி மரண வீட்டுக்கே போனார். அழுதுகொண்டிருந்த மகனைப் பந்தலுக்கு வெளியே கூப்பிட்டு, "அப்பா எதில சந்தோசமா இருந்தவர்?" என்று கேட்டார். மகனுக்கு அழுகை நின்றுவிட்டது. அவர் அதுவரை அதை யோசித்ததே இல்லை. கால் மணித்தியாலம் யோசித்துவிட்டு ஒன்றைச் சொன்னார். அன்று எங்கள் ஊர் முதன்முறையாக இப்படிக் கேட்டது: "அன்னார் மழைக்கு முன்னரே துவிச்சக்கரவண்டியைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மழை வரும்போது மகிழ்ந்தவர்."

ஊரில் பாதிப் பேர் அந்த மனிதரைக் கண்டதேயில்லை. ஆனாலும் அன்று மயானத்தில் நிற்க இடமிருக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஒரு வரி இல்லாமல் அறிவித்தலார் துண்டை வாங்குவதில்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் இறந்தபோது, பிள்ளைகள் ஐந்து பேரும் அரை நாள் கூடியிருந்து ஆராய்ந்தார்கள். அப்பா எதிலாவது சந்தோசமாக இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து அவருடைய மனைவி, "பிட்டுக்கு வாழைப்பழம் பிசையேக்க மட்டும் ஒருத்தரையும் ஏச மாட்டார்" என்றார். அதுவே ஒலிபெருக்கியில் போனது. அதிபரிடம் அடிவாங்கிய மாணவர்கள் பலர் அதைக் கேட்டுவிட்டுத்தான் மாலையோடு வந்தார்கள்.

அத்தோடு நின்றிருந்தால் அவரை நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் செத்தவர்களின் வீட்டில் அவசரத்தில் ஏதாவது சொல்லிவிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு கவலை பிடித்தது. எனவே அந்த வரிகளை எழுதிவைக்க ஒரு பெரிய கொப்பியைத் தூக்கிக்கொண்டு உயிரோடு இருப்பவர்களின் வீடுகளுக்கு வரத் தொடங்கினார்.

"இருக்கேக்கயே உங்கட வாயால சொல்லிப்போட்டா நல்லம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார்.

அவர் படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் அறுபதைத் தாண்டியவர்கள் பின்வாசலால் போய்விடுவார்கள். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் மட்டும் ஓடாமல் நின்று, மூன்று பக்கம் தட்டச்சுச் செய்து கொடுத்தார். அறிவித்தலார் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பதவி. சந்தோசம் வந்தாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ." எங்கள் பின்வீட்டுக்காரர் வெள்ளந்தியாக, "தோணியில தனிய இருக்கேக்கதான் எனக்குச் சந்தோசம்" என்று சொல்லிவிட்டார். அவருடைய மனைவி அதைக் குசினியில் இருந்து கேட்டுவிட்டார். மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் போனது.

என்னிடம் வந்தபோது நான் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு இன்னும் நேரமிருக்கு அண்ணை" என்றேன். "போன கிழமை வாசிச்சவரும் அதைத்தான் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. உட்துறைமுக வீதியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைப் பணிப்பாளரின் மேசைக்கு அனுப்பி, அவர் திருப்பி எறிந்ததும் எடுத்து அடுக்கும் வேலை. அடுத்த மாதமே நெஞ்சு நொந்தது. மூன்று குழாய் அடைப்பு, கொழும்பில் பைபாஸ் என்றார்கள். கையெழுத்து வாங்கிய கடதாசியில், நான் திரும்பி வராமலும் போகலாம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தது.

அதை வாசித்ததும் எனக்கு மனைவி நினைவு வரவில்லை, மகள் நினைவு வரவில்லை, அந்தக் கொப்பிதான் நினைவு வந்தது. என் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. ஐம்பத்தொன்பது வருடத்தில் ஒரு வரி தேறவில்லை என்றால் இவ்வளவு காலமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சாவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டேன்.

"வீடு கட்டினது, எழுதுங்கோ" என்றேன்.

"கட்டி முடிக்கிற வரைக்கும் மேசனோட சண்டை. நான் பாத்தனான்."

"மகள் பட்டம் எடுத்தது."

"அது மகளின்ர சந்தோசம். அவவின்ர பக்கத்தில வரும்."

"பதவி உயர்வு?"

"அண்டைக்கு உங்கட முகம் சரியில்ல, தம்பி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப வெறுமையாத்தான் போகப்போறன், விடுங்கோ!"

அவர் பேனையை மூடிப் பையில் செருகினார். "வெறும் பக்கத்தோட போக ஏலாது. நான் விடமாட்டன். போயிட்டு வந்து சொல்லுங்கோ."

டாக்டர்கள் எவ்வளவோ தைரியம் சொன்னார்கள். எனக்குப் பிடித்துக்கொண்டு போக இருந்தது அந்த ஒரு வசனம்தான்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. என்னோடு மைத்துனர் நின்றார். மனைவி ஊரில் நின்றாள். நான் பிழைத்தால் நூறு பேருக்கு அன்னதானம் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளையாரைக் காத்திருக்க வைக்கும் பழக்கம் அவளிடம் கிடையாது. நான் கண் விழித்த செய்தி வந்த மறுநாளே பந்தலும் கதிரையும் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் அதே பந்தல், சாவுக்கும் அதே பந்தல். நெஞ்சை வெட்டக் கொழும்புக்குப் போனவன் வீட்டில் காலை ஏழு மணிக்கு அறுபது பிளாஸ்ரிக் கதிரை இறங்கினால் தெரு என்ன நினைக்கும்? செத்த வீட்டு வாசலில் நின்று "செத்துவிட்டாரா?" என்று கேட்பது எங்களிடம் மரியாதையில்லை. பேசாமல் வந்து இருக்க வேண்டும். வந்து இருந்தார்கள். அன்னதானத்துக்கு இவ்வளவு வேளைக்கே வந்துவிட்டார்களே என்று நினைத்த மனைவி, "இருங்கோ, இருங்கோ, பாயாசமும் இருக்கு" என்று முகமலர்ச்சியோடு உபசரித்தாள். பாவம், அதிர்ச்சியில் பெண்ணுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று பின்வீட்டுக்காரர் விம்மத் தொடங்கினார்.

அந்த நேரம் நான் வார்ட்டில் தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடி அவளோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய குரலுக்குப் பின்னால் தூரத்தில் ஓர் ஒலிபெருக்கி கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். "ஆரோ செத்திட்டினம் போல. கேட்டுச் சொல்றன்."

பொறுத்தேன். குரல் கிட்ட வந்தது. அவள் மூச்சை இழுத்தாள்.

"ஐயோ, இஞ்சேருங்கோ! நீங்கள்தான்."

என் முழுப்பெயரும் இரண்டு பிழையான உறவுமுறைகளும் காதில் விழுந்தன. பிறகு அந்தக் கனத்த குரல், நான் கேட்டறியாத ஒரு நடுக்கத்தோடு சொன்னது: "அன்னார் பின்னேரங்களில் துறைமுகத்தில் கப்பல் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கோட்டையடிக்குப் போய், காதறுந்த மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்து, அதனிடம் தம் பணிப்பாளரைப் பற்றி முறையிட்டு, சிரித்து மகிழ்ந்தவர்."

அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சந்தோசமாக இருந்திருக்கிறேன்! அதுவும் நாள்தோறும், அரை மணித்தியாலம். எனக்கே தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பவன் சிரிக்கக் கூடாது. தாதி ஓடி வந்து பார்த்தபோது நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டும் இருந்தேன்.

மனைவி தெருவுக்கு ஓடிப்போய்த் தொலைபேசியை ஓட்டோவுக்குள் நீட்டினாள். "அண்ணை, நான் இருக்கிறன்" என்றேன். பத்து நிமிடத்தில் ஓட்டோ அதே பாதையில் புறப்பட்டதாம். "மறுப்பு அறிவித்தல். மேற்படி நபர் காலமாகவில்லை. அன்னார் அன்புக் கணவராகவும் பாசமிகு தந்தையாகவும் தொடர்ந்தும் இருந்து வருகின்றார். ஈமைக்கிரியைகள் எவையும் இடம்பெறமாட்டா. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." சீனன்குடாச் சந்தி வரைக்கும் போய் மூன்று சுற்று வந்தார்களாம். பணிப்பாளர் அனுப்பிய மலர்வளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மதிலில் சாத்தி வைத்தார்கள். கோட்டையடியிலும் தெருக்களிலும் மாடுபோலத் திரியும் எங்கள் ஊர் மான்கள் வந்து அதைத் தின்றுவிட்டன. பணிப்பாளர் அதற்குப் பிறகு மானைக் கண்டால் வீதியின் மறுபக்கத்தால் நடப்பார்.

ஊருக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "துண்டு இல்லாம வாய் திறக்காத ஆள் எப்பிடி அண்ணை வாசிச்சனீங்கள்?"

"பந்தலக் கண்டாப் பிறகு உங்கட மனுசியிட்டப் போய் அந்தக் கேள்வியக் கேக்க எனக்கு ஏலாமப் போச்சு" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

"மான் கதை தெரிஞ்சிருந்தா அண்டைக்கே சொல்லியிருக்கலாமே? நான் எவ்வளவு பயந்தனான்!"

"சொன்னா வெக்கத்தில மானிட்டப் போகாம விட்டிருப்பீங்கள்."

நான் இப்போதும் போகிறேன். ஓய்வுபெற்றுவிட்டதால் முறையிடுவதற்குப் பணிப்பாளர் இல்லை. மகளின் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

போன மாரியில் ஒரு காலை, கையில் பிளேன்ரீக் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே அறிவித்தலார் போய்விட்டார். சாம்பல்தீவிலிருந்து தங்கை வந்து, அடையாள அட்டையைப் பார்த்துத் துண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் பெயர் தெரிந்தது. வாசிக்க ஆளில்லை. வாசிக்காவிட்டால் ஊர் நம்பாது. நசீர் ஓட்டோவை என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கொப்பியை இருவருமாகப் புரட்டினோம். முந்நூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அவருக்கென்று ஒரு பக்கம் அதில் இல்லை.

"இவர் எதில சந்தோசமா இருந்தவர், நசீர்?"

நசீர் கொப்பியை மூடினார். "நீங்க மௌத்தாகல்ல எண்டு வாசிச்சமே, அண்டைக்கு. ஒரு சுத்துப் போதும் எண்டன் நான். மனுசன் கேக்கல்ல. மைக்க மூடிப்போட்டு மூடிப்போட்டுச் சிரிச்சாரு. அவரு சிரிச்சு வேற நாளில நான் காணல்ல."

அதைத் துண்டில் எழுதினேன். ஓட்டோ புறப்பட்டது. என் குரல் நன்றாக இல்லை. ஆனாலும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். "அன்னார் தம் வாழ்நாளில் ஒரேயோர் அறிவித்தலைப் பிழையாக வாசித்து, அது பிழையென்று தெரிந்தபோது மகிழ்ந்தவர்" என்று வாசித்தேன். பிறகு, "இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்" என்பது வரைக்கும் வந்தேன். அதற்கு மேல், ஏற்றுக்கொள்ளுமாறு என்று சொல்ல வாய் வரவில்லை. நசீர் ஓட்டோவை அடுத்த தெருவுக்குத் திருப்பினார். அங்கும் அந்த இடத்தில்தான் நின்றேன். மூன்று சுற்று வந்தோம், ஒரு சுற்றிலும் அந்த வசனத்தை முடிக்கவில்லை. இன்றுவரைக்கும் நான் அதை முடிக்கவில்லை.