சிடுமூஞ்சி யார் வீட்டில்?

கம்பியில்லா ஸ்பீக்கர் என்றால் கம்பியே இருக்கக் கூடாது என்று தராசு சார் நினைத்ததில் குற்றமில்லை. அதற்காகப் பழைய ஸ்பீக்கர்களின் கம்பியைக் கத்தரித்திருக்க வேண்டாம்.

"ஏம்ப்பா வெட்டினீங்க?" என்றாள் மகள், போனில்.

"நீதானே ஒயர்லெஸ்னு சொன்னே?"

"புதுசுக்கு ஒயர் வேண்டாம்னேன். பழசு என்ன பாவம் பண்ணிச்சு?"

"அது ரெண்டும் செத்துப் போச்சு. செத்ததுக்கு எதுக்கு ஒயர்?"

அம்மா போன பிறகு அப்பா 'செத்து' என்ற சொல்லை ஒரு ஸ்பீக்கருக்குக்கூடச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"சரி. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் அங்க இருப்பேன். புது ஸ்பீக்கர்லயும் பாடலைன்னா அந்தப் பழைய பாட்டு செட்டைக் குடுத்துடலாம்ப்பா. தினமும் நீங்க அது முன்னாடி சும்மா உக்காந்திருக்கீங்கன்னு எதிர் வீட்டு அக்கா சொன்னதுலேர்ந்து எனக்கு வேலையே ஓடல."

"பாடும்" என்றார் தராசு சார்.

முப்பத்தோரு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய காந்தத்தைத் தாங்களே பிய்த்து எறிந்துவிடுவார்கள். "என்னை ஏமாத்தணும்னா ஒருத்தன் புதுசாப் பொறந்து வரணும்" என்பார் வீட்டில். "ஆமாமா" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போய்விடுவார்.

அந்த ஹைஃபை செட் கல்யாணமான வருடம் வாங்கியது. கூடத்துச் சுவரில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கம்பியால் கோத்து, தன் முத்திரைக் குறடால் ஈய முத்திரை குத்தி வைத்திருந்தார். கண்டவன் கை படக் கூடாதாம்.

தினமும் மாலை ஆறு மணி. "இன்னிக்கு எந்தத் தட்டு?" என்று மனைவி உள்ளிருந்து கேட்பார். இவர் பதில் சொல்லிவிட்டு இசைத்தட்டைச் சுழலவிட்டு ஊசியை இறக்குவார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை மடியில் வைத்தபடி நாற்காலியில் உட்காருவார். சற்று நேரம் ஒன்றும் கேட்காது.

"ஊசி பள்ளத்தைத் தேடுது" என்று விருந்தாளிகளுக்கு விளக்குவார் தராசு சார். பிறகு பாட்டு வரும். மனைவியும் கூடவே முணுமுணுப்பார், எப்போதும் அரை அடி பின்தங்கி.

ஒருநாள் பாட்டின் நடுவே 'டிங்' என்று ஒரு சத்தம்.

"என்ன அது?"

"பாடறவங்களோட வளையலா இருக்கும்" என்றார் மனைவி.

அன்றிலிருந்து வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து, "கேட்டீங்களா வளையலை? இந்தக் காலத்துப் பெட்டியில இதெல்லாம் வருமா?" என்று கேட்பது அவர் வழக்கமாகிவிட்டது. பாட்டு ஓடும்போது மனைவி கடைக்குக் கிளம்பினால், அவர் மாடிப்படியின் இரண்டாம் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் பாட்டு திக்கித் திக்கி நின்றுவிடும். "பார்த்தியா, நீ வெளிய போனா அதுக்குப் பிடிக்கல" என்பார். அதைக் கேட்டு மனைவி சிரித்த சிரிப்பு கொஞ்சம் அதிகம்தான். அப்போது அது அவருக்குப் படவில்லை.

மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு செட் பாடவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, தட்டு சுழன்றது, ஊசி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கர்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். ஆனாலும் ஆறிலிருந்து ஏழு வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். வேறு எங்கே உட்காருவதென்று அவருக்குத் தெரியவில்லை.

மகள் அனுப்பிய புது ஸ்பீக்கர்களோடு தீப்பெட்டி அளவில், பேட்டரியில் ஓடும் ஒரு சாமானும் வந்திருந்தது. அதைச் செட்டின் பின்னால் செருகினால் பாட்டைக் காற்றில் அனுப்புமாம். முத்திரையைத் தொடாமல் செருகினார். அதன் குட்டித் திரையில் 'தேடுகிறது' என்று வந்தது. பிறகு, 'சிடுமூஞ்சி: இணைந்தது'.

புது ஸ்பீக்கர்கள் மூச்சு விடவில்லை.

"சிடுமூஞ்சின்னு ஏதோ வருதே?" என்று மறுபடி மகளைக் கூப்பிட்டார்.

"அக்கம்பக்கத்துல யாரோட ஸ்பீக்கராவது இருக்கும்பா. அதுல போய் ஒட்டிக்கிச்சு. அவங்களை அணைக்கச் சொல்லுங்க. நான் பஸ் ஏறிட்டேன், சரியா கேக்கல."

"அப்போ என் பாட்டை எவனோ கேட்டுக்கிட்டிருக்கான்!"

சட்டையை மாட்டிக்கொண்டு ஆய்வுக்குக் கிளம்பினார். முதலில் அதே மாடியில் எதிர் வீடு. கழுத்தில் அளவுநாடாவோடு தையல்காரம்மா கதவைத் திறந்தார்.

"உங்க வீட்ல சிடுமூஞ்சி இருக்கா?"

தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "இருக்கார். தூங்கறார். என்ன பண்ணிட்டார்?"

கீழ் வீட்டில் இருந்தது புதுத் தம்பதி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கல்யாணமாகி மூணு மாசம்தான் சார் ஆச்சு" என்றான் கணவன். "இன்னும் தெரியல."

மாடியில் வீட்டோடு மருத்துவமனை நடத்திய பல் டாக்டர், "பல்வலியோட வர்றவங்க எல்லாருமே அப்படித்தான் சார்" என்றார்.

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் கடைக்காரன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான்? தராசு சார் கீழே இறங்கிப் போய், கட்டடத்தின் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார்.

தையல் இயந்திரம் நின்றது. டாக்டரின் துளைப்பான் ஒரு பல்லின் பாதியில் நின்றது. மூச்சிரைக்க மேலே ஓடிவந்து, தீப்பெட்டிச் சாமானை எட்டிப் பார்த்தார். திரையில் சிடுமூஞ்சியைக் காணோம்.

"மாட்டினான்! இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்!"

வாசலில் கூட்டம் கூடியது. வாயை மூட முடியாத ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி முன்னால் வந்து, "ஆ... ஆ..." என்று நீளமாக ஏதோ சொன்னார். நல்லதாக இருக்க வாய்ப்பில்லை.

"சார், பாதிப் பல்லு!" என்றார் டாக்டர்.

யாரோ ஓடிப்போய் மெயினைத் தட்டினார்கள். விளக்குகள் ஒரு முறை பளீரென்று எரிந்து அடங்கின. செட்டுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். அதன் சிவப்பு விளக்கும் அணைந்தது.

அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள் தராசு சாரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்துவதை நிறுத்தினார்கள். வாயை மூட முடியாதவர்கூட.

எல்லோரும் கலைந்த பிறகும் தையல்காரம்மா மட்டும் நின்றார். "தெருமுனை ரேடியோக்காரரைக் கூப்பிடறேன் சார். பெட்டியைத் திறந்துதான் பார்க்கணும்."

"முப்பது வருஷமா எவனும் திறக்காத பெட்டிம்மா. முத்திரை அப்படியே இருக்கு."

"இருக்கட்டும். பாடாத பெட்டியைப் பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

தராசு சார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து.

ரேடியோக்காரர் நரைத்த மீசையும் ஒட்டுப்போட்ட பையுமாக வந்தார். செட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். தராசு சாரைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்களே உடைங்க சார்."

தராசு சார் உடைத்தார். ஈயத் துண்டு கையிலேயே இருந்தது. ரேடியோக்காரர் ஃபியூசை மாற்றினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு வெட்டுப்பட்ட ஸ்பீக்கர் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்தார்.

"அது வேஸ்ட். செத்துப் போச்சு" என்றார் தராசு சார்.

"உயிரோடதான் இருக்கு சார்." தீப்பெட்டிச் சாமானையும் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அம்மாவோட போன் இருக்கா?"

"அது எதுக்கு?"

"இருந்தா கொண்டாங்களேன்."

அலமாரியில், மனைவியின் மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. எதற்கென்று தெரியாமலே ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குச் சார்ஜ் ஏற்றி வந்தார். கொண்டுவந்து கொடுத்தபோது மகள் உள்ளே நுழைந்தாள். தோளில் பை, முகத்தில் பஸ் தூசி.

"என்னப்பா ஆச்சு?"

"இரும்மா" என்றார் ரேடியோக்காரர். திரையில் இரண்டு முறை தொட்டார்.

பழைய ஸ்பீக்கர்களிலிருந்து பாட்டு வந்தது. மனைவி முணுமுணுக்கும் அதே பாட்டு. கூடம் முழுக்க, எட்டு மாதத்துக்கு முன்பு எப்படி நிறைந்ததோ அப்படியே. மகள் பையை இறக்கிவைக்க மறந்து நின்றாள்.

'டிங்.'

"கேட்டியா? கேட்டியா? வளையல்!" தராசு சார் மகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊசி பள்ளத்தைப் பிடிச்சிடுச்சு!"

சொல்லிவிட்டுத்தான் பார்த்தார். ரேடியோக்காரரின் உள்ளங்கையில் போன் திரை மின்னி, ஏதோ ஒரு விளம்பரச் செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது. தட்டு சுழலவில்லை. ஊசி அதன் தாங்கியில் சும்மா படுத்திருந்தது.

கையிலிருந்த ஈய முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவர் குத்தும் முத்திரை எப்போதும் நேராக இருக்கும். இது ஒரு நூல் சாய்ந்திருந்தது.

"இது நான் குத்தினது இல்லையே" என்றார் மெதுவாக. "யாரு குத்தினது?"

ரேடியோக்காரர் போனை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"ஊசி போய் ஆறு வருஷமாச்சு சார், புதுசு எங்கயும் கிடைக்கல, தெரிஞ்சா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு அம்மாதான் இதுக்குள்ள ப்ளூடூத் வெக்கச் சொல்லி, முத்திரையையும் அவங்க கையாலயே குத்தினாங்க... போன்ல காட்டறதுக்கு இதுக்கு ஒரு பேர் வெக்கணுமேம்மான்னு கேட்டேன், ஒரு நொடிகூட யோசிக்கல."