டெஸ்டிங் அக்காவும் வெளிநாட்டு ஷூவும்

கடவுளே நேரில் வந்து "என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டால், "மொதல்ல ஒரு சின்ன வரமா குடு, வேல செய்யுதான்னு பாக்கலாம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் இந்தப் பூமியில் எங்கள் டெஸ்டிங் அக்காதான்.

படூரில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, எங்களுக்கு எதிர் வீடு. சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. அதாவது, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. அந்தப் பிரிவில் இருக்கிற மற்றவர்கள் சாயங்காலமானால் வேலையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அக்கா வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். அவருடைய நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் நினைவில்லை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலேயே டெஸ்டிங் அக்கா என்றுதான் எல்லோரும் பதிந்துவைத்திருந்தோம்.

லிஃப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்த்துவிட்டுப் போன மறுநாள் அக்கா அதில் உடனே ஏறிவிட மாட்டார். முதலில் தன் கைப்பையை மட்டும் உள்ளே வைத்து மேலே அனுப்புவார். பை பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் தானும் ஏறுவார். ஒருமுறை பை திரும்பி வரவில்லை. ஐந்தாம் மாடி சுந்தரேசன் சார், யாரோ மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நினைத்து எடுத்துவைத்துக்கொண்டு, குழுவில் படம் போட்டார். அக்கா அதற்குக் கீழே ஒரே வரி எழுதினார்: "லிஃப்ட்டு பாஸ். மனுஷங்க ஃபெயிலு."

அவருடைய சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனபோதும் இதே கதைதான். அதுதான் அக்காவின் சொந்த ஊர். மாப்பிள்ளையிடம் வாசலிலேயே சம்பளம் கேட்டார். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்டார். கைகழுவப் போன இடத்தில் பின்னாலேயே போய் மூன்றாவது முறை கேட்டார். மூன்றும் வேறு வேறு தொகை.

"பஜ்ஜிக்கு முன்னாடி ஒரு சம்பளம், பஜ்ஜிக்கு அப்பால ஒரு சம்பளமா? எண்ணெய் அவ்ளோ நல்ல எண்ணெயா?" என்று அங்கேயே கேட்டுவிட்டார். அந்தச் சம்பந்தம் முடியவில்லை. பிறகு வந்த மாப்பிள்ளை மூன்று முறையும் ஒரே தொகையைச் சொன்னார். கல்யாணம் நடந்தது. இன்று வரை சௌக்கியம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஷூ.

அக்காவின் பாதம் பெரியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நிஜமாகவே பெரியது. கேளம்பாக்கம் முதல் செங்கல்பட்டு வரை எந்தக் கடையிலும் அவர் அளவுக்குப் பெண்கள் ஷூ கிடையாது. "ஜென்ட்ஸ் செக்‌ஷன் பாருங்க மேடம்" என்பார்கள். அங்கே இருப்பதெல்லாம் கறுப்பும் பழுப்பும். அக்காவுக்கோ சிவப்பில் பூப்போட்டது வேண்டும். முட்டுக்காடு படகுத்துறைப் பக்கம் தினமும் காலையில் வேகநடை போகிறவர் அவர். "கால் பெருசா கீதுன்னா ஆசை சிறுசா இருக்கணுமா?" என்பார். அதனால் வெளிநாட்டு இணையச் சந்தைகளில்தான் வாங்கியாக வேண்டும்.

அங்கே அவர் ஷூ வாங்கும் அழகைப் பார்க்க என் மனைவி விஜி அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள். நானும் பின்னால் போவேன்.

முதலில், தளத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடிப்பார். குறுஞ்செய்தியில் வந்த லிங்க், விளம்பரத்தில் வந்த லிங்க் எதையும் தொடமாட்டார். அடுத்து, ஆஹா ஓஹோ என்று புகழ்ந்தவர்களை ஒதுக்கிவிட்டு, திட்டியவர்கள் எழுதியதை மட்டும் படிப்பார். "புகழ்றதுக்கு டப்பு குடுத்து ஆள் வெக்கலாம்ணா. திட்றவன் சொந்த வயித்தெரிச்சல்ல திட்றான். அது ஒரிஜினலு."

அதற்குப் பிறகு விற்பவருக்கு ஒரு கேள்வி அனுப்புவார். "இந்த ஷூ தண்ணீரில் மிதக்குமா?"

"எதுக்குக்கா இந்தக் கேள்வி?" என்று விஜி கேட்டாள்.

"அந்தாண்ட மனுஷன் குந்திகினு கீறானா, மெஷினு குந்திகினு கீதான்னு தெரியணும்ல."

ஒரு கடைக்காரர், "ஆமாம் அன்பே, மிகவும் தரமான தோல்" என்று பதில் போட்டார். அக்கா அவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். இன்னொருவர், "சைட்டுக்கு வெளியே எனக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால் பாதி விலை" என்றார். அக்கா அவர்மேல் தளத்திலேயே புகார் கொடுத்தார். கடைசியில் ஒருவர், "மிதக்காது. நீங்கள் ஏன் ஷூவை மிதக்கவிட நினைக்கிறீர்கள்? எல்லாம் நலம்தானே?" என்று கேட்டிருந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது.

"மனுஷன்!" என்றார். அவரிடமே ஆர்டர்.

பணம் கட்டும் கட்டம் இன்னும் பிரமாதம். வெளிநாட்டுக் கடைகளுக்கென்றே தனியாக ஒரு கார்டு வைத்திருந்தார். வங்கிச் செயலியில் அதன் வெளிநாட்டு உபயோகம் எப்போதும் அணைத்தே இருக்கும். லிமிட்டும் ஒரு ஷூவின் விலைக்கு மேல் போகாது. "ரெண்டாவது ஷூ வாங்கணும்னா நானே என்னைய வந்து கேக்கணும்" என்பார். பணம் கட்டுகிற நேரத்தில் மட்டும் அந்தச் சுவிட்சைப் போடுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"கதவத் தொறந்து வெச்சிகினு கீறேன். செத்த கம்முனு இருங்க."

"ஓ.டி.பி. வருமேக்கா, அப்புறம் என்ன பயம்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்மூரு கடைன்னா கேக்கும்ணா. வெளிநாட்டுக் கடைங்க நெறைய கேக்கவே கேக்காது. கார்டு நம்பரு, தேதி, பின்னால கீற மூணு நம்பரு, அவ்ளோதான். எவன் கைல கெடச்சாலும் அவன்தான் ராஜா. அத்தொட்டுதான் வேல முடிஞ்சா சாத்திடணும்."

கட்டினார். 'கார்டைச் சேமித்துவைக்கவா?' என்று தளம் கேட்டது. "உன் வூட்டு சாவிய நீ எங்கிட்ட குடுப்பியா?" என்று திரையைப் பார்த்துத் திட்டிவிட்டு, வேண்டாம் என்று அழுத்தினார். சுவிட்சை அணைத்தார். அப்புறம்தான் எங்களுக்குக் காபி வந்தது.

ஷூவும் வந்தது. நல்ல ரத்தச் சிவப்பு, மேலே மஞ்சள் பூ. அக்கா அதைப் போட்டுக்கொண்டு முட்டுக்காட்டில் நடந்தபோது படகுக்காரர்கள் துடுப்பை நிறுத்திப் பார்த்தார்கள் என்று அவர் கணவர் சொன்னார். அவர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலைக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் பொய் சொல்லமாட்டார்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா பெரிய பாத்திரம் நிறையக் கேசரியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னாக்கா விசேஷம்?" அக்காவின் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் கார்டு நம்பர எவனோ திருடிட்டான்!" பிள்ளை டாக்டருக்குப் படிக்க இடம் கிடைத்ததுபோல் அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

விஜி பதறிப்போனாள். அக்கா போனை நீட்டினார். எங்கோ பேர் தெரியாத ஊரில் எவனோ அந்தக் கார்டில் எதையோ வாங்கப் பார்த்திருக்கிறான். வெளிநாட்டு உபயோகம் அணைக்கப்பட்டிருப்பதால் மறுக்கப்பட்டது என்று வங்கியின் செய்தி.

"டிரை பண்ணான், ஃபெயிலு! மறுக்கா டிரை பண்ணான், மறுக்கா ஃபெயிலு! எந்தக் கடையிலேர்ந்து நம்பரு போச்சோ தெரியல. கார்ட பிளாக் பண்ணிட்டேன், புதுசு வரும். இத்தினி வருஷமா டெஸ்ட் பண்றேன், ஒருத்தன் ஃபெயிலாவுறத பார்த்து இவ்ளோ சந்தோஷப்பட்டதே இல்ல!"

கேசரிப் பாத்திரத்தை என் கையில் கொடுத்து, மாடி மாடியாகக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டிலும் கதையை முதலிலிருந்து சொன்னார். ஐந்தாம் மாடிக்குப் போனோம்.

சுந்தரேசன் சார் திருநெல்வேலிக்காரர். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, படூரில் வீடு வாங்கியவர். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்ப்பார். எப்போதும் கலகலவென்று பேசுகிறவர், அன்றைக்குக் கேசரிக் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அக்கா கதையை முடித்ததும் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, ஒருவேளை அவன் எடுத்துட்டாம்னா... திரும்பக் கிடைக்குமா?"

"யாருக்கு சார்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். இனி கேள்விமேல் கேள்வி பறக்கும், சாரைக் கைகழுவப் போன மாப்பிள்ளை கதிக்கு ஆளாக்கிவிடுவார் என்று பயந்தேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அந்தத் தெரிஞ்சவரு போனைக் கொஞ்சம் எடுத்துகினு வரீங்களா சார்?"

சார் எடுத்துவந்தார். தொலைநோக்கியில் பொருத்துகிற கண்ணாடி ஒன்றை வெளிநாட்டுச் சந்தையில் பார்த்திருக்கிறார். விற்பவன், சைட்டில் வாங்கினால் வரி அதிகம், இந்த லிங்க்கில் கட்டுங்கள் என்று அரட்டையில் எழுதியிருக்கிறான். சார் கட்டினார். கண்ணாடி வரவில்லை. அதன் பிறகு கிரெடிட் கார்டில் சின்னச் சின்னதாக, கேட்காமல் கொள்ளாமல், எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முந்தாநாள் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

"சர்வீஸ் பூரா பாதுகாப்புப் பிரிவுல இருந்தவன்மா நான். எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருப்பேன்! ஒரு லிங்க்கைப் பார்த்து ஏமாந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த போன் அதிர்ந்தது. இன்னொரு தொகை போயிருந்தது. சாரின் முகம் வெளிறிவிட்டது.

"மொதல்ல கதவ சாத்துவோம் சார். வருத்தத்த அப்பால பாத்துக்கலாம்." அக்கா வங்கிச் செயலியைத் திறக்கச் சொன்னார். எங்கே அழுத்துவது என்று விரலால் காட்டினாரே தவிர, போனைத் தன் கையில் வாங்கவில்லை. கார்டு முடக்கப்பட்டது. அடுத்தது வங்கிக்குப் போன். சார் வங்கியின் எண்ணை இணையத்தில் தேடப் போனார்.

"அய்யோ, வாணாம் சார்! அங்கயும் போலி நம்பர வெச்சிகினு குந்திகினு கீறானுங்க. கார்டுக்குப் பின்னால போட்டுகீது பாருங்க, அந்த நம்பரு."

காத்திருங்கள், காத்திருங்கள் என்று வங்கி பாட்டுப் போட்டது. நான் கேசரிப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் சார் தலை குனிந்தபடியே இருந்தார். அக்கா அவர் பக்கம் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"நான் தெனம் அடுத்தவன் தப்பத்தான் சார் தேடிகினு கீறேன். தப்பு பண்ணவன் ஒருத்தன்கூட முட்டாள் இல்ல. எல்லாம் மூளக்காரனுங்க. தப்பு வந்தா சரி பண்ணிக்கலாம். வெளிய சொல்லாம மூடி வெச்சிட்டான்னு வெய்ங்க, அப்பதான் பேஜாரு."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வங்கியிலிருந்து ஒரு பெண் லைனில் வந்து புகாரைப் பதிந்துகொண்டார். சைபர் குற்றப் பிரிவுக்கும் புகார் போனது. அரட்டையையும் வங்கிச் செய்திகளையும் படம் பிடித்து வைத்தோம். முடிகிற நேரத்தில் சாரின் மனைவி கோயிலுக்குப் போய்விட்டு அர்ச்சனைத் தட்டோடு உள்ளே வந்தார்.

"என்ன, வீட்ல கூட்டமா இருக்கு?"

"கேசரி குடுக்க வந்தோம்மா" என்றார் அக்கா சட்டென்று. சொல்வதும் சொல்லாததும் சாரின் விருப்பம் என்று விட்டுவிட்டார்.

சார் ஒரு நிமிஷம் தயங்கினார். அப்புறம் எழுந்து நின்று, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். "இதுக்கா ரெண்டு நாளா சோறு இறங்காம கிடந்தீக? நான் உங்களுக்கு சுகர் ஏறிப்போச்சோன்னுல்லா பயந்து கோயிலுக்குப் போயிட்டு வாரேன்! போனா போவுது, மனுஷன் நல்லாருக்கீகல்லா!" என்று சொல்லி, சாரின் நெற்றியில் திருநீறு பூசினார். கையோடு அவரிடமிருந்த கேசரிக் கிண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டார்.

அக்கா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "ஏலக்கா தூக்கலா போட்டுட்டேன், கண்ணு எரியுது" என்றார்.

பணம் உடனே வந்துவிடவில்லை. வங்கி அது கொண்டா, இது கொண்டா என்றது. அக்கா விடாமல் சாரை எழுதவைத்தார். கடைசியில், சாருக்குத் தெரியாமல் எடுத்ததெல்லாம் திரும்பி வந்தது. அவராகக் கட்டிய முதல் தொகை மட்டும் போனது போனதுதான்.

அடுத்த மாதக் குடியிருப்போர் கூட்டத்தில், தண்ணீர் லாரிப் பிரச்சினை முடிந்ததும் சுந்தரேசன் சார் எழுந்தார். தான் ஏமாந்த கதையை அவரே எல்லோருக்கும் சொன்னார். சொல்லி முடித்ததும் முதல் மாடி பேங்க் மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு நடந்துச்சு" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு அம்மா. அதற்குப் பின்னால் ஐ.டி.யில் வேலை செய்யும் தம்பதி, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஏமாந்தது அங்கேதான் இருவருக்கும் தெரிந்தது. அன்று கூட்டம் முடியும்போது, ஆளாளுக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத் தங்கள் கார்டின் வெளிநாட்டுச் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்ததை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு விஜிக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றலாகி, நாங்கள் படூரைவிட்டு வந்துவிட்டோம். இங்கே எதிர் வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். மணியடித்தால் சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பார்கள். நாம் எதைச் சொன்னாலும் சரி சரி என்று நம்பிவிடுவார்கள், ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

எங்களுக்குத்தான் என்னவோ வெறிச்சென்று இருக்கிறது.