மெலிந்த பின் பேசவும்

உடல் பருமனைப் பற்றி மக்கள் கண்டதையும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது மேலிடத்துக்குத் திடீரென்று தெரியவந்தது. உடனே எல்லா அலுவலகங்களுக்கும் ஆணை பறந்தது. அதன்படி குடிநீர் வாரியத்திலும் 'உடல் பருமன் குறித்த தவறான கருத்துகளைக் களையும் உயர்நிலைக் குழு' ஒன்று முறைப்படி பிறந்தது. இயக்குநர் தலைவர், கண்காணிப்பாளர் செயலாளர், பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஆலோசகர். 'பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி' யார் என்று மட்டும் ஒருவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் கண்ணும் ஒரே சமயத்தில் புகார்ப் பிரிவுப் பக்கம் திரும்பியது.

அங்கே பெரியக்கா புகார் எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவிலேயே வயதில் சின்னவர் அவர்தான். அப்புறம் ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வருஷமாகப் புகார் எழுதி எழுதி, எந்தத் தெருவில் எந்தக் குழாய் ஒழுகும் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காலியாகக் கிடந்த கள ஆய்வாளர் பதவி தனக்குக் கிடைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. ஆசை என்ன ஆசை, அந்த இடம் நியாயப்படி அவருடையதுதான்.

முதல் கூட்டம் நான்காவது மாடியில். லிப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. பெரியக்கா முதலில் ஏறிப் போய் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். கால் மணி கழித்து மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயைப் பிளந்துகொண்டு வந்து விழுந்தார்கள். தலைவருக்கு மூச்சு திரும்பும்வரை கூட்டம் மௌனம் காத்தது.

டாக்டர் தாளை எடுத்து வாசித்தார். உடம்பு பெருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்பது தவறு. பரம்பரை, தூக்கம், மருந்து, கவலை என்று காரணம் பல. மெலிந்தவர் எல்லாரும் ஆரோக்கியசாலிகளும் இல்லை.

"அற்புதம்! அப்படியே போஸ்டர்ல போட்டுடலாம்" என்றார் இயக்குநர். பிறகு பெரியக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "ஆனா இத இவங்க சொன்னா யாரு நம்புவா? முதல்ல இவங்க கொஞ்சம் இளைச்சுக்கட்டும். அப்புறம் சொல்லட்டும்."

"எங்க சித்தப்பா மூணு மாசம் வெந்நீர் மட்டும் குடிச்சார். இருபது கிலோ இறங்கிட்டார்" என்றார் கண்காணிப்பாளர்.

"இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார் டாக்டர்.

"போன வருஷம் தவறிட்டார். ஆனா ஒல்லியாத்தான் போனார்."

'வெந்நீர் பரிசீலனைக்குரியது' என்று குறிப்பேட்டில் ஏறியது.

கூட்டம் முடிந்ததும் பெரியக்கா தன் பதவி உயர்வுக் கோப்பைப் பற்றி இயக்குநரிடம் மெல்லக் கேட்டார். 'களப்பணிக்குரிய தோற்றம் இல்லை' என்று அதில் எழுதியிருந்தது.

"சார், நான் தினமும் அஞ்சு கிலோமீட்டர் நடந்துதான் ஆபீசுக்கு வரேன்."

"நடக்கறது தெரியலையேம்மா. தெரியற மாதிரி நடங்க."

பெரியக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதற்கும் உடம்பைத்தான் காரணம் சொல்வார்கள் என்று அடக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அவருக்கு டைபாய்டு வந்தது. அவர் தெருக் குழாயில் சாக்கடை கலக்கிறது என்று புகார் வந்து மூன்று மாதமாகிறது. அதை எழுதி வைத்தவரும் அவரேதான். கள ஆய்வாளர் இடம் காலியாக இருந்ததால் போய்ப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதினான்கு கிலோ போனது, கூடவே பாதி முடியும் போனது. கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு சுவரைப் பிடித்து நடந்து அலுவலகம் வந்தவரைப் பார்த்து இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா! மனசு வச்சா முடியாதது உண்டா?"

"மனசு வைக்கல சார். டைபாய்டு."

"என்ன அடக்கம் பாருங்க!"

'உறுப்பினரின் விடாமுயற்சியைக் குழு பாராட்டுகிறது' என்று தீர்மானம் நிறைவேறியது. போஸ்டரில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இடம் பற்றாததால் டாக்டர் எழுதிக் கொடுத்தது விடுபட்டுப்போனது. மாடி ஏற முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்திருந்த பெரியக்காவிடம் கள ஆய்வாளர் பதவிக்கான உத்தரவை இறங்கி வந்து கொடுத்தார் கண்காணிப்பாளர். "இப்பதான் ஒரு சுறுசுறுப்பே தெரியுது" என்றார்.

நாலு மாதம் போனது. நாள் முழுக்கத் தெருவில் அலைந்தும் பெரியக்காவின் உடம்பு தேறியது. ரத்தம் ஊறியது, முடி முளைத்தது, படிகளைப் பழையபடி இரண்டிரண்டாகத் தாண்டினார். கிலோக்களும் ஒன்று விடாமல் வீடு திரும்பின. பின்னாலேயே மெமோவும் வந்தது. 'பதவி வழங்கிய நாளில் இருந்த உடல் தகுதியை இழந்தது ஏன்? ஏழு நாளில் விளக்கம் தருக. தவறினால் பழைய இடத்துக்கு அனுப்பப்படுவீர்.'

"அப்படி என்ன தப்பு பண்ணின?" என்று கேட்டார் கணவர், மூன்றாம் முறை தட்டை நீட்டியபடி. எவ்வளவு தின்றாலும் ஈர்க்குச்சியாகவே இருக்கிற பிறவி அவர்.

"உடம்பு தேறிட்டேங்க."

"அதுக்குப் போய் மெமோவா? சரி, விடு. நாளையிலேர்ந்து கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடு."

பெரியக்கா அவர் தட்டில் சோற்றை அள்ளிப் போட்டார். ஆறாம் நாள் காலை நேரே டாக்டரிடம் போனார். கூடம் நிறையக் கூட்டம். தெரிந்தவர் என்ற உரிமையில் டோக்கன் எடுக்காமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

"டாக்டர், உங்களாலதான் ஆகணும். அந்தக் காய்ச்சல் மறுபடி வர ஏதாவது வழி இருக்கா?"

டாக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியே இருக்கறவங்க என்ன கேட்டு வந்திருக்காங்கன்னு நினைக்கறீங்க? காலையிலேர்ந்து ஒருத்தர்கூட வியாதியச் சரி பண்ணச் சொல்லி வரல. எல்லாரும் உங்க போஸ்டரப் பாத்துட்டு, விஷயத்த விசாரிச்சுக்கிட்டு, அதே காய்ச்சலக் கேட்டு வந்தவங்க. வரிசையில வாங்க."

பெரியக்கா வெளியே வந்தார். முதல் பெஞ்சில், கையில் மூன்றாம் எண் டோக்கனோடு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்காணிப்பாளர். பெரியக்காவைப் பார்த்ததும் இயக்குநர் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? நீங்கதான் ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிட்டீங்களே. மத்தவங்களுக்கும் வாய்ப்பு விட வேண்டாமா?"

பெரியக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.