செத்த நட்சத்திரமும் ஜெனியின் தாலியும்

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஞானமுத்து அண்ணனுக்குத் தங்கை சகாயமேரி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

என் மகள் தாலிக்குப் பொன் உருக்கும்போது தாய்மாமன் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். முழங்கால் வலி என்று உங்கள் மகன் ஜூடுவை அனுப்பினீர்கள். அந்த முழங்காலையே அனுப்பியிருக்கலாம், அதற்கு வாய் கிடையாது. சமயநல்லூரில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் கருத்தக்கண்ணன் ஆசாரி கரியை ஊதிக்கொண்டிருக்கிறார், சம்பந்தியம்மா எஸ்தர் பொன்னைத் தட்டில் வைத்து எல்லோரும் தொட்டுக் கொடுக்கச் சுற்றி விடுகிறார், இவனும் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டியதுதானே? தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது பூமியில உண்டானதே இல்ல. செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் மோதிக்கிட்டதுல வந்தது. அதைத்தான் நாங்க லேப்ல அணுவை அணுமேல மோதவிட்டு ஆராயுறோம்" என்கிறான். சம்பந்தியம்மா முகம் கறுத்துவிட்டது. "அப்ப எழவு வீட்டுப் பொன்னையா நாங்க தாலிக்கு வாங்கியாந்துருக்கோம்?" என்றார். அதோடாவது விட்டானா? பிளாட்டினமும் அப்படித்தான் என்று, நிச்சயத்துக்கு நாம் போட்ட மோதிரத்தைக் காட்டுகிறான். மாப்பிள்ளை அதைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டார். ஆசாரி கரியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பையை எடுத்தார். நாங்க கொண்டுபோன பாயசத்தை மூடிகூடத் திறக்கல. போட்ட அம்புட்டு முந்திரியும் திரும்ப பஸ் ஏறி வந்துச்சு.

பள்ளிக்கூடம் எட்டோடு நின்றாலும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவள்தான் நான். அவன் சொன்னது நெசமாவே இருக்கட்டும். இம்புட்டு வருசமா மோதவிட்டும் ஒரு மூக்குத்தித் திருகாணிக்காவது பொன் விழுந்துச்சா? மோதுனதுல உடைஞ்சது எம் மக கல்யாணந்தான். ஜெனி சாப்பிடாம படுத்துக் கெடக்கா. இந்தக் கல்யாணம் நடந்தால், ஜூடு கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது. இதுதான் என் முடிவு.

அண்ணிக்குத் தோத்திரம். உங்கள் முழங்காலுக்காக நான் செபிக்கிறேன். உங்கள் மகன் நாக்குக்காக நீங்கள் செபியுங்கள்.

இப்படிக்கு,
சகாயமேரி

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் சாயங்காலப் பூசைக்குப் போனேன். விசுவாசப் பிரமாணத்தில் மரித்தவர்கள் உயிர்த்தெழும் இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். "செத்தது எழும்பும்னுதானே நாம வாராவாரம் சொல்றோம்? எழும்பி வந்த பொன்னு தாலிக்கு ஆகாதா?" என்று கேட்டேன். "உங்க மருமயன் இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். வியாழக்கிழமை மறுபடி உருக்குகிறார்கள். ஜூடு வந்து எல்லார் முன்னாலும் அவன் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். அனுப்பி வையுங்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டாவது நீங்களும் கூடவே வாருங்கள். அவன் கண் பித்தளைக் குத்துவிளக்குப் பக்கம் போனால் வாயைப் பொத்த ஆள் வேண்டும்.