காற்றுப் பெட்டிக்கு ஓர் உறை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் சுகமில்லை, ஆனால் அது பழைய விவகாரம் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சளி, காய்ச்சல், சண்டை எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

“பின்னாடி ரூம் சும்மாதான் கிடக்கு, வந்துடுண்ணா” என்று போனில் சொன்னாய். நன்றாக யோசித்துப் பார்த்தேன். வர முடியாது. தனியாகக் கிடக்கிறேன் என்று நீ நினைப்பது தவறு. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தெருக்கோடியில் ஒரு ரப்பர் தொழிற்சாலை இருக்கிறதல்லவா, அதன் புகையும் கழிவும் காற்றையும் தண்ணீரையும் என்ன செய்கின்றன என்று பார்க்க அரசாங்கம் நம் மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறது. தெருவில் இத்தனை மாடி இருக்க, நம் மாடி. பெட்டி நாள் முழுக்க ஊரின் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே ஒரு வெள்ளைத் தாள், அதில் அழுக்கு படியும். வியாழன்தோறும் ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் வந்து தாளை மாற்றிவிட்டு, நம் ஆழ்குழாய்த் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவாள். நான் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் ஓட்டினவன். ஏறுகிறவர் இறங்குவதற்குள் அவர் வீட்டுக் கதையைக் கேட்டு முடிக்கிற பழக்கம் உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணோ தாள் மாற்ற அரைமணி எடுத்துக்கொள்வாள். எனக்கு அது பத்து மாடிக் கட்டடம் கிடைத்த மாதிரி.

இதில் சின்னதாக ஒரு தவறு நடந்துவிட்டது. அதைப் பற்றி உன் காதுக்கு வேறு விதமாக வந்து சேருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். முதலில் தண்ணீர் விஷயம். அந்தக் குழாயில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும், முகர்ந்தால் மூக்கு சுருங்கும். வெயிலில் வந்த பெண்ணிடம் அதையா கொடுப்பது? மரியாதையாக இல்லையே என்று, அடுத்த வாரத்துக்கென்று அவள் விட்டுப்போகும் காலி பாட்டிலை அவள் வருவதற்கு முன்பே கழுவி, நான் குடிப்பதற்காக விலைக்கு வாங்கும் கேன் தண்ணீரை நிரப்பி மூடி வைத்துவிடுவேன். அவளும், “பரவால்லையே சார், ரெடியா பிடிச்சு வச்சிட்டீங்க” என்று சந்தோஷமாக எடுத்துப் போனாள். அடுத்தது பெட்டி. புதுப் பெட்டி, பளபளவென்று இருந்தது. வைத்த வாரமே அதன் மேல் கரி படிய ஆரம்பித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. உன் அண்ணி ரேடியோவிலிருந்து மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் உறை தைத்தவள். வாஷிங் மெஷினுக்கு அவள் தைத்த கெட்டி உறை, மெஷின் போன பிறகும் பீரோவில் மடித்து இருந்தது. எடுத்துப் போட்டேன், அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. வியாழன் காலையில் கழற்றுவேன், அவள் படியிறங்கியதும் மாட்டுவேன். உறைக்குள்ளிருந்து பெட்டி முனகுகிற சத்தம் கூடம் வரை கேட்கும். அண்ணி போன பிறகு வீட்டில் இன்னொரு சத்தம் இருப்பது நன்றாகத்தான் இருந்தது.

முடிவு வந்தது. ஊரிலேயே சுத்தமான காற்றும் தண்ணீரும் நம் தெருவில்தான் என்று அறிக்கை. தொழிற்சாலைக்காரர்கள் அதைப் பெரிய எழுத்தில் கேட்டில் எழுதி மாட்டிவிட்டு, இரண்டாவது புகைபோக்கிக்கும் மனு போட்டார்கள். மறுநாள் அயர்ன் கடைக்காரம்மா ஒரு வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றாள். காலையில் துவைத்துக் காயப்போட்டது, சாம்பல் நிறத்தில் இருந்தது.

“உங்க பெட்டி நல்ல காத்துங்குது. என் பையன் நெஞ்சு கீ கீன்னு கத்துது. எது நிஜம், நீங்களே சொல்லுங்க.”

சட்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளே ஆய்வகத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். ஆய்வகப் பெண் வியாழன் அல்லாத ஒரு நாளில் வந்து நேரே மாடி ஏறினாள். பின்னாலேயே நானும் ஏறினேன், முழங்கால் விடவில்லை, போய்ச் சேர்ந்தபோது அவள் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சார், இது மூச்சு இழுக்கிற மெஷின். நீங்க மூக்கைப் பொத்தி வச்சிருக்கீங்க.”

“தூசி படியுதேம்மா.”

“தூசி படியணும்னுதான் சார் வச்சிருக்கோம்.”

தண்ணீர் சமாசாரத்தையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகாரியும் வந்தார். இதுவரை எடுத்ததெல்லாம் செல்லாது, பெட்டியை எதிர்வீட்டு மாடிக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறோம் என்றார். “எதிர்வீட்டுக்காரர் வந்தவங்கள உட்காருன்னுகூடச் சொல்ல மாட்டாரே சார்” என்றேன். “அந்த மாதிரி ஆள்தான் சார் எங்களுக்கு வேணும்” என்றார்.

ஆனால் நீ கவலைப்படாதே. எடுக்க மாட்டார்கள். நான் உறையை மடித்து வைத்துவிட்டேன், மாடிப் பக்கமே தலைகாட்டுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு பொறுப்பு தலைமேல் இருக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு வருவது நியாயமில்லை, ஆகையால் பின் அறையில் வேறு ஏதாவது சாமான் போட்டுக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, என்னைவிட ஒரு மாடியாவது உயரமாகப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வந்து பெட்டியை எடுத்துவிட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் அது இழுத்த முதல் தாளே கரிக்கட்டை. புகைபோக்கி மனுவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அயர்ன் கடைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. வியாழக்கிழமை அந்தப் பெண் எதிர்மாடியிலிருந்து கையசைத்தாள், அங்கே அவளுக்கு ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது, தங்கச்சி. எனக்குத் தாங்கவில்லை. மேலே ‘வர முடியாது’ என்று எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. பின் அறையில் சாமான் எதுவும் போட்டுவிடாதே. அண்ணியின் உறையை வீணாக விட்டுவர மனசில்லை, உன் வாஷிங் மெஷின் என்ன நீளம், என்ன அகலம் என்று உடனே எழுது.