மச்சானுக்குப் போட்ட பூட்டு

இனிமேல் தன் அனுமதி இல்லாமல் ஓர் ஈ எறும்புகூட வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழையக்கூடாது என்று கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். பத்திரிகையில் அரைப்பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்திருந்தார். அரைப்பக்கம் படித்தால் போதும், முழு நிபுணராகிவிடுவார். மூக்குக்கண்ணாடி விற்பவர் அல்லவா, எதுவும் அவருக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும்.

"இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள்.

"உன் பாஸ்வேர்டு என்ன?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு இப்பதானே சத்தம் போட்டுப் படிச்சீங்க?"

"என்கிட்ட சொல்லலாம்."

"ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும்."

கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குப் பேசாம திறந்தே வச்சிடலாமே!"

"திறந்துதாங்க இருக்கு. மெயிலை நான் மூடறதே இல்ல. மறுபடி எட்டு தடவை யாரு தட்டறது?"

"அடிப்பாவி! எவனாவது உள்ள புகுந்து உன் பேர்ல நாலு பேருக்கு எழுதிட்டா?"

"அப்படிக்கூடவா பண்ணுவாங்க?"

"பண்ணிட்டு, அடையாளம் தெரியாம அழிச்சிட்டும் போவாங்க."

"ச்சே, என்ன ஜென்மங்களோ!" என்றபடி அவள் மெஷினுக்குத் திரும்பினாள்.

அவர் பரிசோதனைக்காக ஹாலில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கும் எண்ணம் சத்தியமாக அவருக்கு இல்லை. ஆனால் முதல் மெயிலே மனைவியின் அண்ணனிடமிருந்து வந்திருந்தது. அவள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை வர்றேன். ஒரு வாரம் இருப்பேன்."

கண்ணாடிக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். மச்சான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். போன தடவை வந்தபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டார். இவர் ஹால் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, கண் சோதிக்க வந்தவர்களிடம், "தினம் பத்து நிமிஷம் கண்ணை உருட்டுங்க, கண்ணாடியே வேணாம்" என்று வகுப்பெடுத்தார். ஏழு பேர் கண்ணை உருட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். இன்னொரு வாரம் அப்படி நடந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் விரல்கள் தாமாகவே தட்டின.

"அன்புள்ள அண்ணா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மடல் கண்டு மட்டற்ற மகிழ்ச்சி. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். தற்சமயம் வர வேண்டாம். இப்படிக்கு, தங்கள் அன்புத் தங்கை."

அனுப்பினார். அனுப்பியதை அழித்தார். வந்ததை அழித்தார். அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். கையோடு கம்ப்யூட்டர் கேமராவின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். கடைசியில் இருபது எழுத்தில் புது பாஸ்வேர்டு போட்டு மெயிலை மூடினார்.

"மெயில் பாக்கணும்னா என்னைக் கூப்பிடு, நான் திறந்து தர்றேன்."

"சரிங்க. பாதுகாப்புதானே முக்கியம்" என்றாள் அவள், துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மறுநாள் பதில் வந்தது. "மிக்க நன்றி, அருமைத் தங்கையே. அவ்வண்ணமே ஆகட்டும்." என்ன மரியாதையான குடும்பம் என்று கண்ணாடிக்காரர் மனம் நெகிழ்ந்தார். பிறகு அதையும் அழித்தார். அந்த வாரம் முழுக்கக் கடையில் விசிலடித்துக்கொண்டே வியாபாரம் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை வீடு திரும்பினால், ஹாலில் மூன்று பெட்டிகள். படுக்கையறையிலிருந்து குறட்டை.

"வெள்ளையடி..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பதறாதீங்க, உக்காருங்க" என்றாள் மனைவி. "நீங்க சொன்னது அப்படியே நடந்துடுச்சு. எவனோ என் மெயில்ல புகுந்து, வராதேன்னு அண்ணனுக்கு எழுதியிருக்கான்."

"அ... அப்படியா? அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"'அண்ணா அவர்களுக்கு வணக்கம்'னு ஆரம்பிச்சிருந்தானாம். எனக்குப் பேச்சு வந்த நாள்லேர்ந்து நான் அவனை 'டேய் பூசணி'ன்னுதான் கூப்பிடறேன். படிச்ச கையோட எனக்குப் போன் பண்ணிட்டான். திருடன் உஷாராகக்கூடாதுன்னு, அவன் பாணியிலேயே சரின்னு ஒரு பதிலும் போட்டு வச்சானாம்."

கண்ணாடிக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "இ... இப்ப என்ன பண்றது?"

"ருசி கண்டவன் மறுபடி வராம இருக்கமாட்டானாம். அதனால அண்ணன் ஒரு வாரத்தை ஒரு மாசமாக்கிட்டான். கம்ப்யூட்டர் பக்கத்துலயே படுத்துக் காவல் காக்கறானாம். பாவம், அசதியில தூங்கறான், எழுப்ப வேணாம். கட்டிலோட அப்படியே ஹாலுக்கு நகர்த்திடலாம், ஒரு கை பிடிங்க."