பத்து மணிப் பூவும் காலை ஷிப்ட் பஸ்ஸும்

பூச்செடி கொடுப்பதற்கு முன்னால் நேர்முகத் தேர்வு நடத்துகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸின் டிரைவர். எனக்கு வேலை கொடுத்த தொழிற்சாலையே "கண்ணு நல்லா தெரியுமா?" என்ற ஒரே கேள்வியோடு என்னைச் சேர்த்துக்கொண்டது. படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் வேறு என்னத்தைக் கேட்பார்கள்? ஆனால் ஒரு நித்தியகல்யாணிக் கன்றுக்காக இந்த மனிதரிடம் நான் சொன்ன பதில்களை வேறு எங்காவது சொல்லியிருந்தால் அரசாங்க உத்தியோகமே கிடைத்திருக்கும்.

அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய அட்டையில் பெயர் இருந்தது. எங்கள் ஊர் பாசிர் கூடாங் வெயில் அதைத் தின்றுவிட்டது. நாங்கள் 'பூ டிரைவர்' என்போம். மலாய்ப் பெண்களும் அவர்கள் பாஷையில் அதையேதான் சொல்வார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் கண்ணாடியில் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

முதல் கேள்வி, "எந்த ஷிப்ட்?"

பூ விரிகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். பூட்டின வீட்டில் பூக்கிற பூ, விருந்துக்கு வந்து கேட்டில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற சொந்தக்காரன் மாதிரியாம். அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டாதாம். அதனால் நைட் ஷிப்ட்காரர்களுக்கு அந்திமந்தாரை. பகலெல்லாம் தூங்கி எழுந்து தலை வாருகிற நேரத்துக்கு அது விரியும். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிற எங்களைப் போன்ற காலை ஷிப்டுக்கு நித்தியகல்யாணி. அது மணி பார்க்காத பூ. பத்து மணிப் பூவை மட்டும் யாருக்கும் லேசில் கொடுக்க மாட்டார். வெயில் நன்றாக ஏறின பிறகு விரிந்து, பொழுது சாய்வதற்குள் மூடிக்கொள்கிற பூ அது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற தொழிற்சாலைப் பெண் யார்? பிள்ளை பெற்று லீவில் இருப்பவள். ஆகவே பத்து மணிப் பூ, பிரசவமானவர்களுக்கு மட்டும்.

இரண்டாவது கேள்வி, "வீட்டுல யாரு தண்ணி ஊத்துவா?" இதற்குச் சரியான பதில் "யாரும் ஊத்த மாட்டாங்கண்ணே" என்பது. அப்படிச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஒரு பெண்ணை நைட் ஷிப்டிலிருந்து காலை ஷிப்டுக்கு மாற்றினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் வீட்டு வாசலில் பஸ் போய் நின்றது. அந்திமந்தாரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நித்தியகல்யாணியைக் கொடுக்க வந்திருக்கிறார் மனிதர். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைமுக்கு அழைக்க பஸ் வந்துவிட்டதென்று நினைத்த மாமியார், மருமகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

செடிகளுக்கும் அவர் பரீட்சை வைப்பார். எங்களை இறக்கிவிட்ட பிறகு பஸ் வெட்டவெளியில் நிற்கும். முன்கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில், தொட்டிகள் வரிசையாக வெந்துகொண்டிருக்கும். அந்த வெயிலில் ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் பாஸ். வாடினால் பெயில்; வேரைப் பிடுங்கி வெளியே போட்டுவிடுவார். கடையில் விற்கிற செடிகளை அவர் மதித்ததே இல்லை. கால்வாய் விரிசலில் முளைத்தது, கோயில் பின்சுவரில் தொங்கியது, யாரோ குப்பையோடு எறிந்தது, இவைதான் அவருடைய மாணவர்கள்.

ஒரு தடவை ரவுண்டபவுட்டில் வேகமாகத் திரும்பியபோது ஒரு தொட்டி எகிறி, முதல் சீட்டில் இருந்த எங்கள் லைன் லீடர் கோமதி அக்காவின் தலையில் விழுந்தது. பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"அடி பட்டுச்சா?"

"லேசாதாண்ணே, வலி இல்ல" என்றாள் அக்கா.

"உன்னக் கேக்கல" என்று சொல்லிச் செடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதே கோமதி அக்கா வீட்டுக் காகிதப்பூ, ஆள் உயரத்துக்கு வளர்ந்தும் இலையைத் தவிர எதையும் காட்டவில்லை. தண்ணீரை நிறுத்து என்றார் அவர். அக்கா நிறுத்தினாள். வெயில் காலம் வேறு. செடி காய்ந்து, இலை கொட்டி, இனி எனக்குக் கடைசிக் காலம் என்று அதற்கே தோன்றியதோ என்னவோ, ஒரேயடியாகப் பூத்துத் தள்ளியது. "பட்டினி போட்டாதான் அது வேல செய்யும்" என்று அவர் பஸ் முழுக்கக் கேட்கிறமாதிரி சொன்னார். "மெதுவாண்ணே, சூப்பர்வைசர் காதுல விழுந்தா எங்க கேண்டீன மூடிருவாரு" என்றாள் அக்கா.

என் கதைக்கு வருகிறேன். நேர்முகத் தேர்வில் நான் பாஸ் ஆனதே பொய் சொல்லித்தான். "யாரும் தண்ணி ஊத்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நித்தியகல்யாணியை வாங்கி வந்தேன். ஆனால் வெயில் அடிக்கும்போது எனக்குத் தாகம் எடுக்கிறதே, அதற்கு எடுக்காதா? காலையில் ஊற்றினேன். வேலையில் நிற்கும்போது ஊற்றியது போதுமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ராத்திரி வந்தும் ஊற்றினேன். அப்புறம் தட்டில் தேங்கின தண்ணீரில் கொசு முட்டையிடும், டிங்கி வரும், சுகாதார அதிகாரி வந்து அபராதம் போடுவார் என்று அது ஒரு கவலை. யாருமே கவனிக்காமல் கால்வாயோரம் வளர்கிற அந்தச் செடி, என் வீட்டில் வேர் அழுகிச் செத்தது.

அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: "நீ பாசத்தாலயே கொல்ற பரமு. உன் கைக்கு இனிமே செடி கெடையாது."

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து மழையில் வரும்போது மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தார். காலில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நடந்தால்தான் கால் வரும், உட்கார்ந்தே இருந்தால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் எங்களைக் கேட்காதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ ஹாலில் நாற்காலியைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். நடைக்கம்பு சுவரோரம் சாய்ந்து கிடக்கும். சாப்பிட்டீங்களா என்றால் ம். வலிக்குதா என்றால் ம். நான் நடங்க நடங்க என்று கெஞ்சக் கெஞ்ச அந்த 'ம்'மும் குறைந்தது. இடைவேளையில் போன் அடிப்பேன், எடுக்க மாட்டார். விழுந்துவிட்டாரோ, கேஸ் அடுப்பைத் தொட்டாரோ, என்னவோ ஏதோவென்று மறுபடி மறுபடி அடிப்பேன். இதையெல்லாம் பஸ்ஸில் கோமதி அக்காவிடம் புலம்பிக்கொண்டு வருவேன். டிரைவர் அண்ணன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் நான் இறங்கும்போது கையில் ஒரு தொட்டியைத் திணித்தார். பத்து மணிப் பூ.

பஸ்ஸில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு கோமதி அக்கா, "என்ன பரமு, இந்த வயசுல விசேஷமா? சொல்லவே இல்ல" என்றாள். பஸ்ஸே குலுங்கியது. எனக்கு முகம் வைக்க இடமில்லை.

"அண்ணே, நான் காலை ஷிப்ட். பத்து மணிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேனே."

"தெரியும். கேட்டுத் தூண் மேல வை, அங்கதான் வெயில் விழும். தண்ணி நீ ஊத்தாத. தெனமும் பஸ் ஏறும்போது நேத்து எத்தன பூத்துச்சுன்னு எனக்குச் சொல்லணும்."

நான் கிளம்பும்போது அது மொட்டு; திரும்பும்போதும் மொட்டு. எத்தனை பூத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரரைக் கேட்டேன். "தெரியாது" என்றார். மறுநாளும் தெரியாது. அண்ணன் தினமும் கேட்டார். அவருக்கு வயசாகிவிட்டது, சட்டமெல்லாம் மறந்துபோச்சு என்று பஸ்ஸில் பேச்சு அடிபட்டது. மூன்றாம் நாள் பதில் சொல்ல வெட்கப்பட்டு, "ரெண்டுண்ணே" என்றேன்.

"என்ன கலரு?"

"செவப்பு."

"நான் குடுத்தது மஞ்சள்."

அன்றைக்கு முழுக்க லைனில் என்னை யாரும் பரமு என்று கூப்பிடவில்லை. செவப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து நாற்காலிக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டேன்: "நீங்க நடக்க வேணாம். பேச வேணாம். அந்தப் பூ எத்தனன்னு மட்டும் சொல்லுங்க. என் மானம் போவுது." அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ராத்திரி கதவைத் திறந்ததும், நான் கேட்காமலே, "ஒண்ணு. மஞ்சள். நல்லா பெரிசு" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எரிச்சலாக இருந்தது. மாதக்கணக்கில் அந்த முகத்தில் எரிச்சல்கூட இருந்ததில்லை.

"ஒங்க பஸ்ஸு எதுக்கு நம்ம வீட்டு முன்னால வந்து நிக்குது? எஞ்சின ஆஃப் பண்ணாம. பூ மேலயெல்லாம் பொக."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"போயி சத்தம் போட்டேன்."

"எங்க போயி?"

"கேட்டுக்குத்தான். பின்ன இங்கேருந்தா கத்த முடியும்?"

நடைக்கம்பு சுவரோரத்தில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையிலிருந்த டிபன் காரியரைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு பஸ் மறுபடி வந்திருக்கிறது. "சொன்னீங்கன்னு தள்ளி நிப்பாட்டிட்டேன் தம்பி" என்று அடுத்த வீட்டு முன்னால் நின்றிருக்கிறது. அங்கே நின்றால் மட்டும் புகை வராதா, காற்று இந்தப் பக்கம்தானே அடிக்கிறது? இவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்ச் சண்டை போட்டிருக்கிறார். அதற்கு மறுநாள் பஸ் இன்னொரு வீடு தள்ளி. இப்படித் தினமும் ஒரு வீடு. தினமும் என் வீட்டுக்காரர் ஒரு வீட்டுத் தூரம் கூடுதலாக நடந்துபோய்த் திட்டிவிட்டு வந்தார். முட்டி வீங்கும், எண்ணெய் தேய்த்துக்கொண்டே மறுநாளைக்கு என்ன கேட்க வேண்டுமென்று என்னிடம் ஒத்திகை பார்ப்பார். நடுவில் மப்பு போட்டு இரண்டு நாள் பூவே விரியவில்லை. "அந்த ஆளுகிட்ட சொல்லு, வெயில் இல்லாம எப்படித் தொறக்கும்?" என்று எனக்குப் பாடம் எடுத்தார். அண்ணன் என்னிடம், "ஒரு கணு ஒடிச்சு மண்ணுல குத்தச் சொல்லு, அதுவே பொழச்சிக்கும்" என்று சொல்லி அனுப்பினார். நான் இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் தபால்காரியானேன்.

பஸ் கடைசியில் எங்கள் ரோட்டு முனையில் இருக்கிற தேத்தண்ணிக் கடை வரைக்கும் போய்விட்டது. அங்கே போய்ச் சத்தம் போட்ட வீட்டுக்காரர், களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் நுரை பொங்க ஆற்றின தே தாரே இரண்டு சொல்லியிருக்கிறார்.

அந்த வெயில் காலத்தில் குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. கேட்டோரம் இப்போது டின் டின்னாகப் பத்து மணிப் பூ. எல்லாம் செத்துவிடும் என்று நான் வாளியோடு பதறினேன். "அதுக்குத் தண்ணி வேணாம் பரமு. நீ போயி தூங்கு" என்றார் என் வீட்டுக்காரர். விபத்துக்குப் பிறகு அவர் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

மறுநாள் பஸ் ஏறினதும் கேட்டேவிட்டேன். "எதுக்குண்ணே தெனமும் எங்க ரோட்டுல வந்து நின்னீங்க?"

"எனக்கு ரெஸ்ட் டைம் லா. நெழல் எங்க இருக்கோ அங்க நிப்பாட்டுவேன்."

"எங்க ரோட்டுல மரமே கெடையாதேண்ணே."

கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். "உள்ள போ, பின்னால ஆளு நிக்குது."

"அந்தப் பூ எனக்குக் குடுத்ததில்லதானே?"

"ஷிப்ட் தப்பாக் கேட்டுட்டேன். வயசாயிருச்சுன்னு நீங்கதான பேசிக்கிறீங்க" என்று கியரைப் போட்டார். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் தப்புச் செய்ததாக ஒத்துக்கொண்டார். அதுவும் பொய்.

உங்க வீட்டில் என்ன பூண்ணே என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். எல்லா ஷிப்டுக்கும் பஸ் ஓட்டுகிற தனக்கு எந்தப் பூவும் ஒத்துவராது என்றார். டேஷ்போர்டில் பெயிலான ஒன்றிரண்டுதான் வீட்டில் கிடக்கின்றனவாம். வெளியே போடுவதாக எங்களுக்குக் காட்டியதெல்லாம் சும்மா.

இப்போது அவர் பஸ் ஓட்டுவதில்லை. சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது. உலு திராமில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். புது டிரைவர் நல்ல பையன், எதுவுமே கேட்பதில்லை. எனக்குத்தான் பஸ் படியில் கால் வைக்கும்போது வாய்வரைக்கும் ஒரு எண் வந்துவிட்டுப் போகும்.

வீட்டுக்காரர் லேசாகச் சாய்ந்து நடக்கிறார். மத்தியானத்துக்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை. காலையில் வீட்டில்தான் இருப்பார். பத்து மணிக்கு அண்ணனிடமிருந்து போன் வரும். "எத்தன தம்பி?" என்று கேட்பாராம். இவர் கேட் வரைக்கும் போய் எண்ணிவிட்டு வந்து சொல்வாராம்.

மப்பு நாளில் ஒன்றும் விரியவில்லையென்றால் என்ன சொல்வீங்க என்று கேட்டேன். "ரெண்டுன்னு சொல்லிடுவேன்" என்றார்.

அண்ணன் கலர் கேட்பதில்லையாம்.